கிணறு உப்பாகிவிட்டதா? போரை இன்னும் கீழே இறக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா காலத்து உறைகிணறு 14 அடி ஆழம், வாளி போட்டு இறைத்த காலம்வரை அதில் ஒரு கோளாறும் இல்லை. சில வருஷம் முன்பு நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து அதன் பக்கத்திலேயே 60 அடிக்குப் போர் போட்டேன். வந்த தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பினேன். போர் போட்டவர், "அண்ணே, இன்னும் 40 அடி இறக்குவோம், கீழே நல்ல ஊத்து இருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன், இன்னும் மோசமான உப்பு. அந்தக் கேசிங் பைப் இப்போது துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டத்தான் உதவுகிறது.

மதுரைப் பக்கமோ கோயம்புத்தூர்ப் பக்கமோ போர் வற்றினால் இன்னும் இறக்குவார்கள், அங்கே அது பாறை வெடிப்பைத் தேடிப் போகிற வேலை. அதே புத்தியை மண்டபம், தேவிபட்டினம், பெரியபட்டினம் பக்கத்து மணலில் காட்டினால் காசும் போகும், இருந்த நல்ல தண்ணீரும் போகும். அதனால் ஒவ்வொரு கோளாறையும் அது வெளியே தெரிகிற விதத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்கு முன் காலடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அது புரியாமல் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

நிலத்துக்குக் கீழே ஆறு எதுவும் ஓடவில்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். அப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்து, இறைத்தால் விட்டுக்கொடுக்கிற அடுக்கைத்தான் நீர்தாங்கி என்கிறோம். பிடித்து வைப்பதும் விட்டுக்கொடுப்பதும் வேறுவேறு குணம். களிமண்ணில் மணலைவிட அதிக இடுக்கு உண்டு, ஆனால் அவ்வளவும் நுணுக்கமானது, தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையை விரிக்கும். மணல் தாராளம், தன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்துவிடும். 10 சென்ட் நிலத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் 80 ஆயிரம் லிட்டர் வெளியே வந்துவிட்டது என்று கணக்கு. வாங்குவதும் தாராளம்தான், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை மணல் தேரியில் தேங்காமல் நேரே இறங்கிவிடும்.

வரவு எவ்வளவு என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஆறில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 10 சென்ட்டுக்கு வருஷத்துக்கு 54 ஆயிரம் லிட்டர், ஒரு நாளைக்குப் பங்கிட்டால் 148 லிட்டர். நிமிஷத்துக்கு 50 லிட்டர் தள்ளுகிற மோட்டார் அந்த ஒரு நாள் வரவை மூன்றே நிமிஷத்தில் இழுத்துவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது, இந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட 40இல் ஒரு பங்கு கனம் அதிகம். அதனால் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நல்ல தண்ணீர் நிற்கும். பேடன் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 1901இலும் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது. எங்கள் தரை கடலைவிடச் சுமார் 10 அடி உயரம், கிணற்றில் தண்ணீர் 9 அடியில் நிற்கிறது, ஆக மேலே 1 அடி, கீழே 40. தரையிலிருந்து 50 அடி போனால் உப்பு. நடுவில் இரண்டும் கலந்த ஒரு பட்டை வேறு இருப்பதால் நல்ல தண்ணீர் அதற்கு முன்பே முடிந்துவிடும். நான் போட்டது 60 அடி. பத்தாததற்கு இன்னும் 40.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். கையில் 3 பொருள் இருக்கட்டும்: தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் மீட்டர், நுனியில் கனமான போல்ட் கட்டி அடிக்கணக்குக்கு முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு பழைய காலண்டர். எழுதி வைக்காத அளவு எதற்கும் உதவாது.

முதலில் நல்ல தண்ணீர், ஓட்ட ஓட்ட உப்பு

இந்தக் கரையில் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான். காலையில் மோட்டாரைப் போட்டதும் ஒரு கிளாஸ் பிடித்து அளந்து எழுதுங்கள், அப்புறம் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை. 700இல் தொடங்கி 900, 1300, 1900 என்று ஏறிக்கொண்டே போய், ஓரிரு நாள் ஓட்டாமல் விட்டுவிட்டுப் பார்த்தால் மறுபடி 700க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றால் உப்பு கீழேயிருந்து ஏறுகிறது.

மோட்டார் இழுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் நீர்மட்டம் புனல் மாதிரிக் குழிகிறது. மேலே 1 அடி குழிந்தால் அழுத்துகிற கனம் குறைகிறது, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் அதே 40 கணக்கில் மேலே வரப் பார்க்கிறது. உடனே வந்துவிடாது, ஆனால் கறையான் புற்று மாதிரி மெல்ல எழும்பி நேரே குழாயின் வாய்க்கு வரும். நிறுத்தினால் மெல்ல அடங்கும். நாள் கணக்கில் ஓட்டி உயர ஏற்றிவிட்டால் அடங்குவதற்கு மாசக் கணக்குகூட ஆகலாம், அதுவரை பொறுமை இல்லாமல் தினமும் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு அது அடங்கவே அடங்காது.

செய்ய வேண்டியது, குறைவாக இறைப்பதைவிட மெதுவாக இறைப்பது. ஒன்றரை எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு அரை எச்.பி. போடுங்கள். ஒரே மூச்சில் 1 மணி நேரம் ஓட்டுவதற்குப் பதில் 10 நிமிஷம், நாளைக்கு 6 தடவை, நடுவில் நல்ல இடைவெளி விட்டு. அதே தண்ணீர்தான், குழி ஆழமாக விழாது. அடுத்து, உறிஞ்சும் குழாயை மேலே தூக்குங்கள், நீர்மட்டத்துக்குக் கீழே 3, 4 அடி போதும். போர் ஆழமாக இருந்தால் அடிப்பகுதியைக் களிமண் உருண்டையும் சிமெண்டும் போட்டு அடைத்துவிடலாம், நான் தாமதமாகச் செய்த வேலை அது. தென்னந்தோப்புக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஒரு ஆழமான போருக்குப் பதில், பத்துப் பதினைந்தடி ஆழத்தில் நாலைந்து குழாயைத் தள்ளித் தள்ளி இறக்கி ஒரே பைப்பில் சேர்த்து இழுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதால் எந்த இடத்திலும் புற்று எழாது.

தனுஷ்கோடியில் மணலில் கையால் குழி தோண்டி, ஊறுவதைச் சிரட்டையில் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே அழித்த, இரண்டு பக்கமும் கடல் இருக்கிற மணல் திட்டில் அந்தத் தண்ணீர் கிடைப்பதற்குக் காரணம், சிரட்டையால் ஒரு நாளும் அதிகமாக இழுக்க முடியாது என்பதே.

எந்நேரமும் உப்பு, ஓய்வு கொடுத்தும் இறங்கவில்லை

ஒரு சின்னப் பாட்டிலில் கல் கட்டி, தக்கையை லேசாக அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே வரும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து அளந்து பாருங்கள்.

அடியில் உப்பு, மேலே பரவாயில்லை என்றால் கிணறு தேவைக்கு மேல் ஆழம், மணலைப் போட்டு அடியைத் தூர்த்து மேட்டாக்கலாம். வெட்டிய கிணற்றைத் தூர்க்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள், பாட்டில் தண்ணீரை நாக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

மேலேதான் உப்பு அதிகம், அடியில் குறைவு என்றால் உப்பு மேலேயிருந்து இறங்குகிறது. பக்கத்தில் இறால் பண்ணைக் குட்டை இருக்கிறதா, உப்பளப் பாத்தி இருக்கிறதா, வாய்க்காலில் கடல் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் ஆர்ஓ இயந்திரம் வைத்திருப்போம், அது கழிக்கிற தண்ணீரில் உப்பெல்லாம் திரண்டு இருக்கும், அந்தக் குழாயைக் கிணற்றடி வாழைக்கு விட்டிருப்போம். நாமே நம் கிணற்றுக்கு உப்பு போடுகிறோம். அந்தக் குழாயை முதலில் தள்ளி விடுங்கள்.

புயலில் கடல் ஏறிக் கிணறு மூழ்கிவிட்டால், இறைத்துக் கொட்டிச் சுத்தம் செய்கிறேன் என்று மோட்டாரை நாள் முழுக்க ஓட்டக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் பல கிணறுகளை அப்படி இறைத்தும் உப்பு இறங்கவில்லை, ஓட்டினதில் கீழே இருந்த உப்பும் சேர்ந்துகொண்டது. குப்பை சேற்றை அள்ளும் அளவுக்கு ஒரு தடவை இறைத்தால் போதும், மிச்சத்தை அடுத்த மழைதான் கழுவித் தள்ளும்.

மூன்று ஆழத்திலும் ஒரே மாதிரிக் கடும் உப்பு என்றால், அந்த இடத்தில் நல்ல தண்ணீரே மிச்சம் இல்லை. அங்கே செலவு செய்யாதீர்கள். மணல் மேடாக உள்ள வேறு மூலையைப் பாருங்கள், மேடு என்றால் மட்டமும் கொஞ்சம் உயரம். கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில், களிமண் அடுக்குக்கு அடியில் ஆழத்து மணற்கல்லில் நல்ல தண்ணீர் அகப்படுகிற இடங்கள் உண்டு. ஆனால் அதற்கு நடுவில் இருக்கிற உப்பு அடுக்கு முழுவதையும் கேசிங் போட்டு, வெளிப்பக்கம் சிமெண்டால் அடைக்க வேண்டும். சும்மா துளைத்துவிட்டால் மேலே உள்ள உப்பு அந்த ஓட்டை வழியே இறங்கிக் கீழ் அடுக்கையும் கெடுக்கும், கெடுவது உங்கள் போர் மட்டும் இல்லை.

உப்புக் கரிக்கவில்லை, ஆனால் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை

இது கடல் வேலை இல்லை, சுண்ணாம்பு. ராமேஸ்வரம் தீவிலும் பாம்பன் பக்கமும் மணலுக்கு அடியில் பழைய பவளப்பாறை கிடக்கிறது, மற்ற இடங்களில் சிப்பி. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அது கொஞ்சம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். கிணற்றைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

பதறி போர்க்காரரைக் கூப்பிடாதீர்கள். கயிற்றை விட்டு அளந்து பாருங்கள். மட்டம் எப்போதும்போல் இருந்தால் கோளாறு மேலேதான்: உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கிற புட்வால்வில் தூசி மாட்டித் தண்ணீர் திரும்ப இறங்கியிருக்கும், இல்லை ஒரு ஜாயிண்ட்டில் காற்று இழுக்கும். குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுப் போட்டுப் பாருங்கள், வந்து வந்து நிற்கிறது என்றால் காற்றுக் கசிவு. மேலே வைத்து உறிஞ்சுகிற மோட்டார் 25 அடிக்கு மேல் நடைமுறையில் இழுக்காது, எத்தனை எச்.பி. போட்டாலும் சரி, தண்ணீரைத் தள்ளுவது காற்றழுத்தம்தான், மோட்டார் இல்லை.

ஓட்டாதபோது மட்டம் சரி, ஓட்டினதும் விறுவிறுவென்று இறங்கி உறிஞ்சும் வாய் வெளியே தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்று. போன வருஷமும் இதே கதையா? அப்படியானால் அந்த மணல் அவ்வளவுதான் தரும், மெதுவாக இழுங்கள். இந்த வருஷம்தான் இப்படி என்றால் சல்லடைக் குழாயின் கீறல்களில் சுண்ணாம்போ துருவோ நுண்மண்ணோ அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். பக்கத்து வீட்டில் புதிதாகப் போர் போட்டிருக்கிறார்களா என்றும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள், அவர்கள் குழிக்கும் புனலும் உங்கள் புனலும் ஒன்றில் ஒன்று விழும். சண்டை வேண்டாம், நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டுச் சித்தப்பாவும் நானும் அவர் காலை, நான் சாயங்காலம் என்று வைத்துக்கொண்ட பிறகு இரண்டு பேருக்கும் மீட்டரில் எண் குறைந்தது.

தண்ணீரோடு மணல் வருகிறது

முதல் ஓரிரு நாள் வந்தால் சகஜம். தொடர்ந்து வந்தால் சல்லடையின் கீறல் உங்கள் மணலுக்குப் பெரிது, அல்லது குழாயைச் சுற்றிக் கூழாங்கல் போடாமல் விட்டுவிட்டார்கள். வேகத்தைக் குறைத்தால் மணலும் குறையும். குழாயைச் சுற்றித் தரை உள்வாங்குகிறது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள், அடியில் பொந்து விழுந்துவிட்டது.

பிடிக்கும்போது தெளிவு, வைத்தால் மஞ்சள்; அல்லது அழுகின முட்டை வாடை

மஞ்சள் என்றால் இரும்பு. காற்றுப் படாத ஆழத்தில் கரைந்திருந்தது, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. தொட்டியில் உயரத்திலிருந்து சிதறி விழ விட்டு, ஒரு நாள் தங்க வைத்து, மணல் வழியாக வடித்தால் போகும். முட்டை வாடை சேறும் மக்கின தழையும் இருக்கிற அடுக்கிலிருந்து வருகிறது, நெடுநாள் இறைக்காத கிணற்றிலும் வரும். இதற்கும் காற்றாட விடுவதுதான் வைத்தியம், கூடவே தூர் வாரிப் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ருசியும் நன்றாக இருக்கிறது, ஆனால் 20, 30 அடியில் கழிவறைக் குழி இருக்கிறது என்றால் அதுதான் எனக்குப் பயம். மணல் தண்ணீரை வேகமாக விடுகிறது என்றேன், கழிவையும் அப்படியே விடும். அந்தக் கழிவிலிருந்து வருகிற நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு, காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடும். டிடிஎஸ் மீட்டர் இதைத் தனியாகக் காட்டாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீடாக இருந்தால் ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மழை கொட்டியும் மட்டம் ஏறவில்லை

கிணற்றுக்கும் மழைக்கும் நடுவில் ஒரு களிமண் படுகை இருக்கும், அல்லது முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டிருப்பீர்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது வைத்த குழாய் பல வீட்டில் சுவரோடு சும்மா நிற்கிறது, கீழே குழியே இருக்காது. 1000 சதுர அடி மொட்டைமாடியில் 800 மில்லிமீட்டர் மழையில் வீணாவது போக 59 ஆயிரம் லிட்டராவது பிடிக்கலாம். மேலே சொன்ன 10 சென்ட் நிலம் தானாகக் குடிப்பதைவிட அதிகம்! முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை மணல் வடிகட்டி வழியாக உறைகிணற்றிலேயே விடுங்கள். மட்டம் உயரும்போது கீழே உப்பு இறங்கும், அதே 40 கணக்கு இப்போது நம் பக்கம் வேலை செய்யும்.

ஊருணிக்கரைக் கிணறு வற்றினால் ஊருணியைப் பாருங்கள். தூர் வாருகிறேன் என்று ஜேசிபி விட்டு அடிக் களிமண்ணையும் சேர்த்து வழித்துவிட்டால் நின்ற தண்ணீர் வடிந்துவிடும், கடலோரம் என்றால் அடியிலிருந்து உப்பு ஊறும். வண்டல் வரைக்கும் அள்ளினால் போதும்.

ஆடியில் வற்றுகிறது

ஆனி ஆடியில் மட்டம் இறங்குவது வருஷா வருஷம் நடப்பது. ஆழப்படுத்தத் தோன்றும், 2 அடிக்கு மேல் வேண்டாம். அகலப்படுத்துங்கள். அகலமாக்கினால் ஊறுவது அப்படி ஒன்றும் கூடிவிடாது, ஆனால் ராத்திரி முழுக்க ஊறினது தேங்க இடம் இருக்கும். காலையில் அதை மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

மட்டம் ஒரே நாளில் ஏறுகிறது, இறங்குகிறது

யாரும் இறைக்காதபோதும் கயிற்றில் அரை அடி வித்தியாசம் காட்டுகிறது என்று ஒருவர் பயந்து கேட்டார். கடலுக்குப் பக்கத்துக் கிணறுகளில், கடல் மட்டம் ஓதத்தில் ஏறினால் கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்று மட்டமும் ஏறும், வற்றினால் இறங்கும். கடல் தண்ணீர் உள்ளே வருவதில்லை, நல்ல தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கிறது. கடல் அழுத்தம் இந்தப் பக்கம் வருகிற மாதிரி நல்ல தண்ணீரும் அந்தப் பக்கம் கசிந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் கடலுக்குள் நிற்கிற வில்லூண்டி தீர்த்தத்தில் குடிக்கிற தண்ணீர் வருவதற்கு ராமர் வில்லை ஊன்றிய கதை சொல்வார்கள், மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் அங்கே வெளியேறுகிறது என்பதும் அந்தக் கதைக்கு ஒன்றும் விரோதம் இல்லை. ஆகவே இது கோளாறு இல்லை. ஒன்றே ஒன்று, போன மாசத்து அளவையும் இந்த மாசத்து அளவையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஓதம் ஒரே நிலையில் இருக்கும்போது எடுங்கள், இல்லாவிட்டால் ஏறாத மட்டத்தை ஏறினதாக நினைத்துப் பெரிய மோட்டாரை மறுபடி மாட்டிவிடுவீர்கள்.